அடி எங்கே தவறுகிறது? – வாலிபால் கேள்வி பதில்

வாலிபால் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஸ்மாஷை, அதாவது எம்பி ஓங்கிப் பந்தை எதிர்ப்பக்கம் அடிப்பதை, சுற்றியே இருந்தன. பயிற்சியாளர்களும் நடுவர்களும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் விழுந்து புரண்டு பந்தை எடுக்கிறார்கள். ஆனாலும் இரண்டாவது சுற்றைத் தாண்ட முடியவில்லை. தடுப்பாட்டத்தை இன்னும் கூட்டுவதா, அடிக்கு நேரம் ஒதுக்குவதா?
– உடற்கல்வி ஆசிரியை, அரியலூர் மாவட்டம்

அடிக்கு ஒதுக்குங்கள். காரணம் புள்ளி முறையிலேயே இருக்கிறது. பழைய 15 புள்ளி ஆட்டத்தில் சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டும்தான் புள்ளி கிடைக்கும். அந்த அணி ஸ்மாஷை வெளியே அடித்தாலும் சர்வீஸ்தான் கைமாறுமே தவிர, புள்ளி போகாது. பொறுமையாக எடுத்து எடுத்துக் கொடுத்து எதிரணியைக் களைக்க வைக்கும் ஆட்டம் அப்போது எடுபட்டது. 1990களின் இறுதியில் வந்த ராலி முறையில் ஒவ்வொரு பந்துக்கும் யாருக்காவது ஒரு புள்ளி உண்டு. சர்வீஸை வாங்கும் அணிக்குத்தான் முதல் அடி வாய்ப்பு. அந்த முதல் அடியில் கணக்கை முடிக்கத் தெரியாத அணி, எதிரணிக்கு அடுத்த வாய்ப்பைத் தானே தூக்கிக் கொடுக்கிறது. உங்கள் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து எடுத்த பந்து மூன்றாவது தொடுதலில் மெதுவாக அந்தப் பக்கம் போனால், எதிரணி செட்டருக்கு (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிப் போடுபவர்) அது வசதியான பாஸாக மாறிவிடும். அடுத்த ஸ்மாஷ் இன்னும் பலமாக வரும்.

ஆனால் வலுவான அடி என்றால் வேகமான அடி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த போட்டியில் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். ஸ்மாஷ் அடிக்கும் ஒவ்வொரு அட்டாக்கர் பெயருக்கு நேரேயும் மூன்று வகையாகக் குறிக்கட்டும்: நேரடிப் புள்ளி, தவறு (வலை, வெளியே, எதிரணி வலைக்கு மேல் கை நீட்டித் தடுக்கும் பிளாக்கில் பட்டுத் திரும்பி நம் பக்கமே விழுந்தது), ஆட்டம் தொடர்ந்தது. புள்ளியிலிருந்து தவறைக் கழித்து, மொத்த அடிகளால் வகுத்தால் அவருடைய திறன் தெரியும். ஒருவர் 30 பந்து அடித்து 14 புள்ளி எடுத்து 8 தவறு செய்தால் 0.20. இன்னொருவர் அதே 30 பந்தில் 11 புள்ளி, 2 தவறு என்றால் 0.30. கைதட்டல் முதலாமவருக்குத்தான் கிடைக்கும். அணிக்கு வேண்டியவர் இரண்டாமவர். ஒரே போட்டியில் 8 புள்ளியை எதிரணிக்கு இலவசமாகக் கொடுக்கும் அடியை வலுவான அடி என்று நாம் சொல்வதில்லை.

பயிற்சியில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்க, செட்டர் கையில் பந்தைப் போட்டுக் கொடுத்து ஆளுக்கு ஒரு ஸ்மாஷ் அடிக்க வைப்பதுதான் பெரும்பாலான மைதானங்களில் நடக்கிறது. ஆட்டத்தில் அப்படி ஒரு பந்தும் வராது. அந்தப் பக்கமிருந்து சர்வீஸ் வர வேண்டும், அட்டாக்கரே பாஸ் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டு ஓடி வந்து அடிக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சியில் குறைந்தது 40 நிமிடம் இப்படிப் பாஸிலிருந்து தொடங்கும் அடியாக இருக்கட்டும்.

என் உயரம் 170 செ.மீ. "நீ லிபரோவாகப் போ, பின்வரிசையில் பந்தை மட்டும் எடு" என்கிறார்கள். எனக்கு அட்டாக்கராக ஆசை. முடியுமா சார்?
– பிளஸ் ஒன் மாணவர், பரமக்குடி

முடியும் தம்பி, ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

ஆண்கள் வலை 2.43 மீட்டர். பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., அதாவது நடுவிலிருந்து விளிம்புக்குப் பத்தரை செ.மீ. பந்து வலையை உரசாமல் போக அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 2.54 மீட்டரில் கடக்க வேண்டும். இப்போது வலையிலிருந்து 1 மீட்டர் தள்ளி, மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், சுழற்சி இல்லாமல் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலையை ஒட்டிக் கீழ்நோக்கி அடித்தால் பந்து எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு கிட்டத்தில் விழும்?

2.75 மீட்டர் உயரத்தில் பந்தைத் தொட்டால் வலைக்கு அப்பால் சுமார் 7.3 மீட்டரில் விழும். 2.90 என்றால் 5.3 மீட்டர். 3 மீட்டரில் தொட்டால் 4.4. எதிரணி ஆடுகளம் 9 மீட்டர் நீளம். ஆக, 2.75இல் தொடுகிறவருக்குப் பலமாக அடிக்கக் கடைசி ஒன்றேமுக்கால் மீட்டர் பட்டைதான் மிச்சம். வலையை உரசாமல் இருக்க இம்மி தூக்கினாலும் வெளியே போய்விடும். வெறும் 15 செ.மீ. உயரம் கூடினால் இன்னும் 2 மீட்டர் ஆடுகளம் திறக்கிறது. கை பலத்தைவிடத் தொடும் உயரம் முக்கியம் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் உயரத்துக்கு நின்றபடி கையைத் தூக்கினால் 2.20 முதல் 2.25 மீட்டர் எட்டும். ஓடி வந்து 60 செ.மீ. குதித்தால் விரல் நுனி 2.80 முதல் 2.85 வரை போகும். பந்தைத் தொடுவது உள்ளங்கையில் என்பதால், தொடும் இடம் அதைவிடச் சில செ.மீ. குறைவு. ஆக நீங்கள் 2.75 பக்கம்தான் இருக்கிறீர்கள். குதிப்பை 70க்குக் கொண்டுபோனால் கதை மாறும். சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து மாதம் ஒருமுறை அளந்து வாருங்கள்.

இன்னொரு வழி சுழற்சி. மணிக்கட்டைப் பந்தின் மேல் மடித்து முன்சுழற்சி கொடுத்தால், மேலே சொன்ன தூரங்கள் எல்லாமே குறையும். உயரம் குறைந்தவர்களுக்கு இது விருப்பப் பாடம் இல்லை, கட்டாயப் பாடம். ஜப்பானின் யூஜி நிஷிடா 190 செ.மீ.கூட இல்லாதவர். சர்வதேச ஆண்கள் ஆட்டத்தில் அது குட்டை உயரம். அவர் அடிக்கும் வீடியோக்களில் பந்தைப் பார்க்காமல் கடைசி இரண்டு காலடிகளையும் கை பின்னால் போகும் விதத்தையும் மட்டும் பாருங்கள். பாஸ் எடுப்பதிலும் கெட்டிக்காரராகிவிட்டால் உங்களைப் பயிற்சியாளர் வெளியே உட்கார வைக்க யோசிப்பார்.

ஸ்மாஷ் ஒன்று வலையில் விழுகிறது, அல்லது கோட்டுக்கு வெளியே பறக்கிறது. நடுவில் விழுவதே இல்லை. எங்கே தவறு?
– திண்டுக்கல், சேலம், தூத்துக்குடியிலிருந்து மூன்று வாசகர்கள்

பத்தில் எட்டுப் பேருக்குத் தவறு கையில் இல்லை, காலில் இருக்கிறது. அதனால் காலிலிருந்து தொடங்குவோம்.

வலது கைக்காரர் என்றால் மூன்று காலடி ஓட்டம் இடது–வலது–இடது. நாலடி என்றால் முன்னால் ஒரு வலது சேரும். இடது கைக்காரர் அப்படியே மாற்றிக்கொள்ளட்டும். முதல் அடி சின்னது, மெதுவானது, பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் அடி. கடைசிக்கு முந்தைய வலது அடிதான் நீளமானது. குதிகால் முதலில் தரையைத் தொட, அதே நேரம் இரண்டு கையும் பின்னால் முதுகு உயரத்துக்குப் போக வேண்டும். கடைசி இடது அடி படக்கென்று விழும். இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் முன்னால், விரல்கள் வலப்பக்கமாக உள்நோக்கித் திரும்பி இருக்கும். அந்தத் திருப்பம்தான் ஓட்டத்தின் வேகத்தை நிறுத்தி மேல்நோக்கி மாற்றுகிறது. அது இல்லாதவர் முன்னால் பறந்து வலையில் போய் விழுவார். கடைசி இரண்டு அடியின் சத்தத்தைக் கேட்டாலே தெரியும். "டக்... டக்" என்று இடைவெளி விட்டுக் கேட்டால் தவறு, "டடக்" என்று ஒட்டிக் கேட்க வேண்டும்.

மேலே போனதும் இடது கை பந்தைக் காட்டிக்கொண்டு நிற்க, வலது முழங்கை காதுக்கு மேலே பின்னால் இருக்கட்டும். இடது கையை வயிற்றுக்கு இழுக்கும்போது தோள் தானாகச் சுழலும். பந்தை அடிக்கும் தோளுக்கு நேராக, ஒரு சாண் முன்னால், கை முழுக்க நீட்டிய நிலையில் தொடுங்கள். விரல்கள் விரிந்திருக்கட்டும். உள்ளங்கை பந்தின் பின்புறத்தில் பட்டு, விரல்கள் அதன் மேல் உருள வேண்டும்.

இனி நோய்க்குறிகள். வலையில் விழுகிறதா? பந்து கீழே இறங்கிய பிறகு முழங்கை மடங்கித் தொடுகிறீர்கள், அல்லது சீக்கிரமே குதித்துவிட்டு இறங்கும் வழியில் அடிக்கிறீர்கள். பந்து மிகவும் முன்னால் இருந்தாலும் இதே கதிதான். கோட்டுக்கு வெளியே பறக்கிறதா? பந்துக்கு அடியில் ஓடிவிட்டீர்கள். பந்து தலைக்கு மேலோ பின்னாலோ இருக்கிறது, கை அதன் அடிப்பாகத்தைத் தட்டுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: செட்டர் கையை விட்டுப் பந்து போனவுடனேயே ஓடத் தொடங்குவது. உயரமான பந்துக்கு, அது உச்சிக்குப் போகும் வரை பொறுத்து, பிறகு முதல் அடியை வையுங்கள். தாமதமாகிவிடுமோ என்று பயமாக இருக்கும். தாமதமானால் கடைசி அடிகள் வேகமாகும், அது நல்லதுதான்.

பக்கவாட்டில் வெளியே போகிறது என்றால், பந்து வலது தோளைத் தாண்டி இடப்பக்கம் இருக்கும்போது அடிக்கிறீர்கள். ஓட்டத்தின் பாதையைச் சரிசெய்தால் போதும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்று, சுவருக்கு முன்னால் 1 மீட்டரில் தரையில் படும்படி பந்தை அடியுங்கள். தரை, சுவர் என்று பட்டுத் தலைக்கு மேல் திரும்பி வரும், மறுபடி அடியுங்கள். பந்தின் தையல் வரிகள் முன்னோக்கி உருளுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மணிக்கட்டு வேலை செய்யவில்லை. விடாமல் 20 வந்தால் நல்ல நிலை.

நான் அடிப்பதெல்லாம் பிளாக்கில் மாட்டுகிறது. எதிரணியில் இரண்டு பெண்கள் நல்ல உயரம். என்ன செய்வது மேடம்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

முதலில், எப்போது பார்க்கிறீர்கள்? பந்தையே பார்த்துக்கொண்டு மேலே போனால் பிளாக் எங்கே என்பதே தெரியாது. பந்தின் பாதை புரிந்ததும், குதிப்பதற்கு முன் ஒரு நொடிப் பொழுது கண் வலைக்கு அப்பால் போய்த் திரும்ப வேண்டும். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு பிளாக்கரும் சேர்ந்துவிட்டார்களா, நடுவில் இடைவெளி இருக்கிறதா? சென்டர் பிளாக்கர் தாமதமாக வந்தால் இருவருக்கும் நடுவே ஒரு பந்து நுழையும் சந்து இருக்கும். ஆடுகளத்தின் குறுக்கே மூலைவிட்டமாகப் போகும் கிராஸ் அடிதான் நீளமானது, அங்கே தவறுக்கு இடம் அதிகம். ஓரத்து பிளாக்கர் உள்ளே தள்ளி நின்றால் பக்கக் கோட்டை ஒட்டிய லைன் திறந்திருக்கும்.

இருவரும் சேர்ந்து வந்துவிட்டால் கைகளுக்குக் கீழே அடிக்கப் பார்க்காதீர்கள். கைகளையே பயன்படுத்துங்கள். நீங்கள் இடது ஓரத்தில் (4ஆம் இடத்தில்) அடிப்பவர் என்றால் ஆன்டெனாவுக்கு (வலையின் ஓரத்தில் நிற்கும் கம்பு) அருகில் இருக்கும் பிளாக்கரின் வெளிக்கையைக் குறிவைத்து, மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி அடியுங்கள். கையில் பட்டுப் பந்து மைதானத்துக்கு வெளியே போனால் புள்ளி உங்களுக்கு. இன்னொன்று, விரல் நுனிகளைக் குறிவைத்துச் சற்று உயர்த்தி, பின்கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி பலமாக அடிப்பது. விரலில் உரசிவிட்டால் பின்னால் நிற்பவர்கள் எட்டவே முடியாது. உயரமான பிளாக்கருக்கு எதிராகத்தான் இது நன்றாக வேலை செய்யும், கை அங்கே இருப்பதால்தானே படுகிறது!

பந்து வலைக்கு மிக ஒட்டி வந்துவிட்டதா? அடிக்காதீர்கள். பிளாக்கர் கையில் மெதுவாகத் தள்ளித் திரும்ப வாங்கி, மறுபடி செட் போடச் சொல்லுங்கள். பிளாக்கில் பட்டு நம் பக்கம் வந்தால் மூன்று தொடுதலும் புதிதாகக் கிடைக்கும். பலர் மறந்துவிடும் வாய்ப்பு இது. ஆனால் அதற்கு உங்களைச் சுற்றி மூன்று பேராவது தாழ்ந்து குனிந்து, 2 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அடிக்கும்போது மற்ற ஐந்து பேரும் நின்று வேடிக்கை பார்க்கும் அணியில் எந்த அட்டாக்கரும் தைரியமாக அடிக்க மாட்டார். இதை உங்கள் அணியினரிடம் சொல்லுங்கள், இது உங்கள் குறை மட்டும் இல்லை.

டிராப் போடுவதும் (ஓங்கிய கையால் மெதுவாகத் தட்டிப் போடுவது) நல்ல ஆயுதம்தான். ஆனால் ஓட்டமும் கை ஓங்குவதும் ஸ்மாஷ் போலவே இருக்க வேண்டும். பலர் டிராப் போடப்போகிறோம் என்பதை வேகம் குறைந்த ஓட்டத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். பிளாக்குக்கு நேர் பின்னால், வலையிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும் கோட்டை ஒட்டிப் போடுங்கள்.

பெண்கள் வலை 2.24 மீட்டர், ஆண்களுடையதைவிட 19 செ.மீ. தாழ்வு. பரமக்குடி மாணவருக்குச் சொன்ன உயரங்களிலிருந்து 19 செ.மீ. கழித்தால் உங்கள் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

நான் செட்டர். பந்து போடுவதில் அட்டாக்கர்கள் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். எந்த உயரம், எந்தத் தூரம்?
– வவுனியாவிலிருந்து கரப்பந்தாட்ட வீரர்

உங்கள் நாட்டின் தேசிய விளையாட்டே இதுதான், கேள்விக்கு மகிழ்ச்சி.

ஓரத்து உயரப் பந்து வலையிலிருந்து 50 செ.மீ. முதல் 1 மீட்டர் தள்ளி, ஆன்டெனாவுக்கு அரை மீட்டர் உள்ளே இறங்க வேண்டும். உயரம் வலை மேல்விளிம்புக்கு மேலே 2 மீட்டர் போல. அதைவிட ஒட்டிப் போட்டால் அட்டாக்கரின் கை வலையில் இடிக்கும், பிளாக்கருக்குக் கொண்டாட்டம். சந்தேகம் வந்தால் தள்ளியே போடுங்கள். தள்ளி வந்த பந்தை அட்டாக்கர் எப்படியாவது அடித்துவிடுவார், ஒட்டி வந்த பந்துக்கு வழியே இல்லை. அணி பழகப் பழக உயரத்தை 1 மீட்டர் வரை குறைத்து வேகத்தைக் கூட்டலாம். எதிரணி சென்டர் பிளாக்கர் ஓடி வரும் நேரம் அவ்வளவுக்குக் குறையும்.

நடுவில் தாழ்வாக, வேகமாகப் போடும் க்விக் பந்துக்கு விதி வேறு. பந்து உங்கள் கையை விடும்போதே அட்டாக்கர் காற்றில் இருக்க வேண்டும். நீங்கள் அவர் கையைத் தேடிப் போடுகிறீர்கள், அவர் பந்தைத் தேடி வருவதில்லை. வலைக்கு மேலே 30 முதல் 60 செ.மீ. போதும். பாஸ் நல்ல இடத்துக்கு வராவிட்டால் க்விக்கை மறந்துவிடுங்கள். நல்ல இடம் என்பது வலையிலிருந்து 1 மீட்டர், வலது பக்கக் கோட்டிலிருந்து 3 மீட்டர் சுற்றுவட்டம். அங்கே பந்து வந்தால்தான் இடது, நடு, வலது மூன்றும் உங்களுக்குத் திறந்திருக்கும். க்விக் அட்டாக்கருக்குப் பந்து கொடுக்காவிட்டாலும் அவர் ஒவ்வொரு முறையும் முழு மனதோடு குதிக்க வேண்டும். எதிரணி சென்டர் பிளாக்கர் அவரோடு குதித்துவிட்டால், ஓரத்தில் உங்கள் ஆள் ஒற்றை பிளாக்கைத்தான் சந்திப்பார்.

குறை சொல்வது பற்றி: ஒவ்வொரு அட்டாக்கரிடமும் தனியாகக் கேளுங்கள், ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் ஆட்டம் தொடங்கியபின் பேச்சு வேண்டாம்.

மின்னொளிப் போட்டி ஒன்றில் பின்வரிசையிலிருந்து அடித்தேன். மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் இறங்கினேன் என்று ஃபவுல் கொடுத்தார்கள். சரியா? லிபரோ பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், புதுக்கோட்டை

இறங்கியதற்காக என்றால் சரியில்லை. எங்கிருந்து எம்பினீர்கள் என்பதுதான் கேள்வி. எம்பும்போது கால் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் இருந்தால், காற்றில் முன்னால் வந்து அடித்து, முன்பகுதியில் இறங்கலாம். கோட்டை மிதித்தபடி எம்பினால் ஃபவுல், ஆனால் அதுவும் தொடும் நேரம் பந்து முழுவதும் வலை மேல்விளிம்புக்கு மேலே இருந்தால் மட்டும்தான். பின்வரிசையில் சுற்றி வந்திருக்கும் செட்டர், முன்பகுதியில் நின்று வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடுவதும் இதே ஃபவுல். உள்ளூர்ப் போட்டிகளில் இதைப் பலமுறை கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

லிபரோ எங்கே நின்றாலும், பந்து முழுவதும் வலைக்கு மேலே இருக்கும்போது அதை எதிர்ப்பக்கம் அனுப்பக் கூடாது. அவர் முன்பகுதியில் நின்று விரல்களால் மேல்பாஸாக செட் போட்டால், அந்தப் பந்தை வலைக்கு மேல் உயரத்தில் வைத்து வேறு யாரும் அடிக்கவும் கூடாது. கோட்டுக்குப் பின்னாலிருந்து போட்டாலோ, முன்கையால் போட்டாலோ தடையில்லை.

அடித்த பின் கை வலைக்கு மேலாக அந்தப் பக்கம் போகலாம், தொட்ட இடம் நம் பக்கமாக இருந்தால் போதும். டிராப் போடும்போது பந்தைப் பிடித்துத் தூக்கி எறிவது போல் கையில் தங்கினால் ஃபவுல். பந்தை ஆடும் முயற்சியில் ஆன்டெனாக்களுக்கு நடுவே வலையைத் தொட்டாலும் ஃபவுல்தான்.

ஸ்மாஷ் அடித்து இறங்கும்போது முட்டிச் சில்லுக்குக் கீழே வலிக்கிறது. தோளும் சில நாட்களாக வலி. ஆடலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால் குறிப்பாக ஓரிடத்தில் வலிக்கிறது என்றால், அது பெரும்பாலும் அந்தத் தசைநாணில் ஏறும் சுமைதான். குதிக்கும் ஆட்டக்காரர்களுக்கு வருவது. சிமென்ட் தரை, ஒற்றைக்காலில் இறங்குவது, வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஆடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வலது கைக்காரர்கள் பலரும் இடது காலில் மட்டும் இறங்குகிறார்கள். தலைக்குப் பின்னால் போன பந்தை எட்டி அடிப்பதால் உடல் சாய்ந்துவிடுவதே காரணம். மேலே சொன்ன ஓட்டம் திருந்தினால் இறக்கமும் திருந்தும். இரண்டு காலிலும், முட்டி மடங்க, சத்தமில்லாமல் இறங்கப் பழகுங்கள்.

இரண்டு வாரத்துக்குக் குதிப்பதைப் பாதியாகக் குறையுங்கள், முழு ஓய்வு எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. நாற்காலியில் உட்காருவது போல் 4 நொடி எடுத்து மெதுவாக இறங்கி எழும் பயிற்சி, 3 சுற்று, சுற்றுக்கு 10. தோளுக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, 3 சுற்று, சுற்றுக்கு 15. பட்டை லேசாக இருக்கட்டும். இரவில் தோள் வலியால் தூக்கம் கலைந்தாலோ, கையைத் தூக்கவே பலமில்லாமல் போனாலோ, முட்டி வீங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ உடனே பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடுவது வேண்டவே வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு நாளில் முழு வேகக் குதிப்பு 40 முதல் 60, வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்களில் நின்றபடி கை வேலை.

ஸ்மாஷை யார் கண்டுபிடித்தார்கள்? நம்மவர்களில் பெரிய அட்டாக்கர்கள் யார்?
– வாசகி, நாகர்கோவில்

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பந்தை அந்தப் பக்கம் தட்டிவிடுவதுதான் ஆட்டம். ஒருவர் உயரத் தூக்கிப் போட இன்னொருவர் அடிக்கும் முறை 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் வந்தது. ஜப்பான் ஆண்கள் அணி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது, க்விக் பந்தையும் நேரம் மாற்றிக் குதிக்கும் கூட்டு அடிகளையும் வைத்துத்தான். உயரமான பிளாக்கை ஏமாற்ற அவர்கள் கண்ட வழிகள் இன்றும் எல்லா அணிகளிலும் இருக்கின்றன.

இங்கே முதலில் சொல்ல வேண்டியவர் கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ். இத்தாலியில் தொழில்முறை ஆட்டம் ஆடியவர், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். மறு ஆண்டே விபத்தில் இறந்துபோனார். 1961இல் அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. தமிழ்நாட்டின் ஜி. இ. ஸ்ரீதரன் 1982ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர்.

எங்கள் ஊர்ப் பந்து கையில் பட்டால் தீயாய் எரிகிறது, பாஸும் எகிறுகிறது. பந்தின் குறையா?
– இளைஞர் மன்றம், பெரம்பலூர் மாவட்டம்

காற்றின் குறை. சைக்கிள் கடையில் கொடுத்து 'கல்லு மாதிரி' அடைத்து வாங்குவதால் வருவது. விதிப்படி பந்தின் உள்ளழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.30 முதல் 0.325 கிலோ. பம்ப் மானியில் பி.எஸ்.ஐ. அளவில் பார்த்தால் 4.3 முதல் 4.6. மானி இல்லையென்றால் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துங்கள், லேசாகக் குழி விழ வேண்டும். எடை 260 முதல் 280 கிராம் இருக்க வேண்டும். மழையில் நனைந்த பழைய தோல் பந்து இதைத் தாண்டிவிடும், அதை அட்டாக் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள், தோள் போய்விடும். ஊசியை வால்வில் செருகும் முன் ஒரு சொட்டு கிளிசரின் தடவுங்கள், வால்வு கிழியாது. வலையையும் அளந்துவிடுங்கள். அளக்க வேண்டியது நடுவில். அங்கே சரியான உயரம் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கோடுகளின் மேலும் ஒரே உயரம் இருக்க வேண்டும், அது விதித்த உயரத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. நடுவில் தொய்ந்த வலையில் பழகிவிட்டு வெளியூர்ப் போட்டிக்குப் போனால், முதல் செட் முழுக்க உங்கள் ஸ்மாஷ் வலையில்தான் விழும்.